கிறீன் வைத்தியரின் தமிழ்

தீவிர சிகிச்சை மருத்துவப் பயிற்சியில் கியூபெக்கின் வெளிமாவட்ட ஆஸ்பத்திரி ஒன்றுக்கு என்னை அனுப்பியிருந்தார்கள். வீதி விபத்தில் வந்தவர் நான் வளர்ந்த பார்க் எக்ஸ்டென்ஷன்காரர். மனைவி கேட்டார்: "தம்பி, மூச்சை அவர் விடுறாரோ, மெசின் விடுதோ?" பதில் தெரியும், பிரெஞ்சில். தமிழில் வாய் திக்கியது.

அன்றிரவு சாமுவேல் ஃபிஸ்க் கிறீனை நினைத்துக்கொண்டேன். அமெரிக்க மிஷன் வைத்தியர். 1847இல் யாழ்ப்பாணம் வந்தவர், மானிப்பாயில் உள்ளூர் இளைஞர்களுக்கு மேலை மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில்தான். ஆங்கிலத்தில் படித்தவர்கள் ஊரில் தங்காமல் அரசாங்க வேலைக்குப் போனார்கள். 1860களில் பாடத்தைத் தமிழுக்கு மாற்றினார். கிறேயின் உடற்கூற்று நூல் 'மனுஷ அங்காதிபாதம்' என்று 1872இல் அச்சேறியது. அவரிடம் படித்து வைத்தியரானவர்கள் 60 பேருக்கும் மேல். மதம் பரப்பத்தான் வந்தார், அதை மறைப்பானேன்? ஆனால் அவரது மாணவர்கள் கட்டிலருகே நின்று நோயாளியின் மொழியிலேயே யோசித்திருப்பார்கள்.

என் துறைக்கு அவரிடம் சொல் இல்லை. அது பிறந்ததே 1952இல், போலியோ பரவிய கோபன்ஹேகனில். அங்கே மருத்துவ மாணவர்கள் முறைவைத்து, இரவு பகலாகக் கையால் பையை அமுக்கி நோயாளிகளுக்கு மூச்சுக் கொடுத்தார்கள்.

காலையில் அந்தக் கையை நினைத்தபடி சொன்னேன்: "அவர் மூச்சை இழுக்கிறார் அன்ரி. போதாததை மெசின் தள்ளிவிடுது."

"அப்ப அவர் இழுக்கிறார்," என்றார்.