தமிழ் ராப்பும் தோட்டத்துப் பாட்டும்

தாளத்துக்குள் எதுகை, மோனையோடு வேகமாகச் சொல்லப்படும் கவிதையே தமிழ் ராப். சொல்லிசை என்றும் சொல்வார்கள். மலேசியாவில் இதைப் பரவலாக்கியது 2006இல் வெளிவந்த 'வல்லவன்' இசைத்தொகுப்பு. யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகிய மூவரின் படைப்பு இது. இதிலுள்ள 'மடை திறந்து', 1980இல் வந்த 'நிழல்கள்' படத்துக்கு வாலி எழுதி இளையராஜா இசையமைத்த பாடலைத் தழுவியது. அப்பா கேட்ட பாட்டு மகனுக்கு வேறு வடிவில் கிடைத்தது.

இது கவிதைதானா என்று கேட்போர் உண்டு. வரிகளின் கடைசியில் ஒலி ஒத்து வருவதை நம் யாப்பு இயைபு என்கிறது. ராப் பெரிதும் நம்புவது அதைத்தான். மரபுக் கவிஞர்கள் கோபித்துக்கொள்ள இதில் ஒன்றுமில்லை.

தோட்டத்திலும் பாட்டு வேலையோடும் வீட்டோடும்தான் பிறந்தது. ஆயர் தாவார் வட்டாரத்தில் விடியற்காலைப் பெரட்டு, பால்மரம், மங்கு, வாளி, கங்காணியின் அதட்டல் எல்லாம் அன்றாடம். லயத்து வாசலில் தாலாட்டு, தெம்மாங்கு, சாவு வீட்டில் ஒப்பாரி. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. மக்கள் பட்டணம் போனார்கள். பாட வேண்டிய சந்தர்ப்பங்களும் குறைந்தன. முத்தம்மாள் பழனிசாமியின் 'நாட்டுப்புறப் பாடல்களில் என் பயணம்' போன்ற நூல்களில் ஏறியவை தப்பின. மற்றவை பாட்டிகளோடு போயின.

ராப் வரிகள் ஒலிப்பதிவில் இருப்பதால் அந்த ஆபத்து குறைவு. ஆனால் அவை நூலாவது அரிது. தோட்டத்துப் பாட்டைப் போலவே, வரி மனப்பாடமாக இருக்கும் பலருக்கும் எழுதியவர் பெயர் தெரியாது.