காங்: இரண்டு ஏரிகளுக்கு நடுவே ஒரு வரலாற்றுப் பாடம்



சென்ற தவணையில் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒரு சிறு நிகழ்வு. மாணவர் சிலர் கூடிப் பேசி, ஒரு மாணவனோடு இனி யாரும் பேசுவதில்லை என்று முடிவு செய்திருந்தனர். அவன் அருகில் யாரும் அமரவில்லை. அழிப்பான் கேட்டாலும் யாரும் கொடுக்கவில்லை. மூன்று நாள்களுக்குப் பிறகே இது என் கவனத்திற்கு வந்தது. விசாரித்தபோது ஒரு மாணவி எழுந்து, "நாங்க அவன பாய்காட் பண்ணியிருக்கோம் டீச்சர்" என்றாள். அச்சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா என்று கேட்டேன். தெரியவில்லை. அது ஒரு மனிதரின் பெயர் என்றதும் வகுப்பே வியந்தது.

அந்தப் பெயரின் கதையைத் தேடிப் போனால் அயர்லாந்து நாட்டின் மேற்கே, மேயோ மாவட்டத்தின் தென் எல்லையில் உள்ள காங் என்னும் சிற்றூரின் பக்கம் போய்ச் சேர்வோம். சில தெருக்களே கொண்ட ஊர். ஆயினும், அவ்வூரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் பார்க்க வேண்டியவற்றை வரிசையாகப் பார்த்தால், ஒரு நாட்டின் வரலாறே கண்முன் விரிந்துவிடும். ஊரைச் சுற்றிப் பார்ப்பது போலவே இக்கட்டுரையை அமைத்திருக்கிறேன்.

ஊரின் அமைவிடம்

காலவே நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் பயணம் செய்தால் காங் வந்துவிடும். ஐரிய மொழியில் 'குங்கா' என்றால் குறுகிய நிலப்பகுதி என்று பொருள். வடக்கே மாஸ்க் ஏரி, தெற்கே கோரிப் ஏரி. இரண்டிற்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் ஊர் அமைந்திருப்பதால் இப்பெயர் பொருந்துகிறது. கோரிப் ஏரி அயர்லாந்துக் குடியரசின் மிகப் பெரிய ஏரியாகும்.

இந்த நிலம் முழுவதும் சுண்ணாம்புப் பாறை. நம் பத்துமலையையும் ஈப்போ குகைகளையும் பார்த்தவர்களுக்கு அப்பாறையின் இயல்பு தெரியும். நீர் அதைக் கரைத்துக் குடைந்து தனக்கு வழி செய்துகொள்ளும். மாஸ்க் ஏரியின் நீர் நிலத்துக்கு அடியிலேயே ஓடி, காங் ஊரில் ஊற்றுகளாகப் பொங்கி எழுந்து, குறுகிய ஓர் ஆறாகிக் கோரிப் ஏரியில் கலக்கிறது. ஊருக்கு வெளியே காட்டுக்குள் 'புறாப் பொந்து' என்னும் குகை உள்ளது. கற்படிகளில் இறங்கிப் போனால் நிலத்தடியில் ஆறு ஓடுவதைக் காணலாம். இந்தப் பாறையின் இயல்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் நடுவே அது மீண்டும் வரும்.

மடமும் சிலுவையும்

ஊருக்குள் நுழைந்தவுடன் கண்ணில் படுவது காங் மடத்தின் இடிபாடு. 7ஆம் நூற்றாண்டில் புனித ஃபெகின் இங்கு ஒரு துறவியர் மடத்தை நிறுவினார் என்பது மரபு. இப்போது நாம் காண்பது, 12ஆம் நூற்றாண்டில் டர்லோ ஓ'கானர் என்னும் பேரரசர் அகஸ்தீன் சபைத் துறவியருக்காக எழுப்பிய மடத்தின் எச்சம். அவருடைய மகன் ரோரி ஓ'கானர் அயர்லாந்தின் கடைசிப் பேரரசர். ஆங்கிலோ-நார்மானியர் படையெடுப்பைத் தடுக்க இயலாமல் அதிகாரம் இழந்த அவர், முடிதுறந்து இம்மடத்தில் ஒதுங்கி வாழ்ந்து 1198இல் காலமானார். மடம் 16ஆம் நூற்றாண்டில் எட்டாம் ஹென்றி மன்னரின் ஆட்சியில் மூடப்பட்டது.

மடத்திலிருந்து சில அடிகள் நடந்தால் ஆற்றின் மேல் ஒரு சிறு கல் அறை. துறவியர் மீன்பிடித்த இடம் அது. தரையில் ஒரு துளை. அதன் வழியே வலையை இறக்குவார்கள். மீன் சிக்கியதும் மடத்துச் சமையற்கூடத்தில் மணி அடிக்கும்படி கயிறு கட்டியிருந்தார்கள் என்று ஊரார் சொல்வர். குழந்தைகளுக்கு இதைவிடப் பிடித்த இடம் அவ்வூரில் வேறு இருக்காது.

இம்மடத்தோடு தொடர்புடைய பெரும் கலைச்செல்வம் 'காங் சிலுவை'. டர்லோ மன்னருக்காக 1123இல் செய்யப்பட்டது. ஓக் மரத்தின் மேல் வெண்கலமும் பொன் நுண்வேலைப்பாடும் கொண்டது. அதன் விளிம்புகளில் இலத்தீனிலும் ஐரிய மொழியிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. மன்னரின் பெயரோடு, அதைச் செய்த கைவினைஞரின் பெயரும் அதில் இடம்பெற்றிருக்கிறது. எத்தனையோ அரிய படைப்புகளைச் செய்தவர் யார் என்பதே நமக்குத் தெரியாத நிலையில், இது எண்ணிப் பார்க்கத்தக்கது அன்றோ? 1839இல் கணித அறிஞர் ஜேம்ஸ் மக்கல்லா அதை வாங்கி அரச ஐரிய கழகத்திற்கு வழங்கினார். இன்று அது டப்ளினில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நீர் நில்லாக் கால்வாய்

ஊரின் கிழக்குப் பக்கம் நடந்தால் ஒரு கால்வாய் தெரியும். செதுக்கிய கற்களால் கட்டிய கரைகள், பாலங்கள், படகுகளை ஏற்றி இறக்குவதற்கான மதகுக் கட்டுமானங்கள் எல்லாம் உண்டு. கோடைக்காலத்தில் நீர் மட்டும் இராது. புல்லும் கல்லுமாகக் கிடக்கும். 'வறண்ட கால்வாய்' என்பதே அதன் பெயர்.

1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரை ஒரு நோய் தாக்கியது. ஏழை உழவர் பெரும்பாலோர்க்கு அந்தக் கிழங்கு ஒன்றே உணவு. நிலமோ பிறருடையது, விளைந்த தானியம் வாடகைக்கே போயிற்று. தொடர்ந்து வந்த பெரும் பஞ்சத்தில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் பசியாலும் நோயாலும் மாண்டனர். மேலும் 10 இலட்சம் பேர் கப்பலேறினர். மேயோ மாவட்டத்தில் மட்டும் 1841இல் ஏறக்குறைய 389,000ஆக இருந்த மக்கள்தொகை, 1851இல் 274,000 அளவிற்குச் சரிந்தது. அந்தக் காலத்திலும் தானியமும் கால்நடையும் அயர்லாந்திலிருந்து கப்பல்களில் ஏற்றுமதியாகிக்கொண்டுதான் இருந்தன.

இந்தப் பஞ்ச நாள்களில், 1848இல், மாஸ்க் ஏரியையும் கோரிப் ஏரியையும் இணைக்கும் கால்வாய்ப் பணி தொடங்கியது. பட்டினியால் மெலிந்த மக்கள் சொற்பக் கூலிக்குப் பாறையை உடைத்தனர். ஆண்டுகள் கடந்தன. 1854இல், படகுப் போக்குவரத்துக்கான பணியை நிறுத்தும்படி உத்தரவு வந்தது. திறப்பு விழா நாளன்று தண்ணீரைத் திறந்துவிட, அது அப்படியே பாறைக்குள் மறைந்துவிட்டது என்று ஒரு கதை வழங்குகிறது. உண்மை அவ்வளவு நாடகத்தன்மை கொண்டதன்று. துளைகள் நிறைந்த சுண்ணாம்புப் பாறை நீரைத் தாங்காது என்பது பணியின்போதே தெரிந்துவிட்டது. செலவும் ஏறியது. 1851இல் இரயில் காலவே நகருக்கே வந்துவிட்டதால், படகுப் போக்குவரத்தின் தேவையும் குறைந்தது. கதை சுவையானதுதான். ஆனால் மாணவர்க்கு இரண்டையும் சொல்லி, எது வழக்கு, எது சான்று என்று பிரித்துக் காட்டுவது நம் கடமை.

அருகில்தான் சர் வில்லியம் வைல்டு கட்டிய மொய்டுரா இல்லமும் உள்ளது. எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டின் தந்தை என்றே அவரைப் பலர் அறிவர். அவர் கண், காது மருத்துவர். கோரிப் ஏரியைப் பற்றி 1867இல் ஒரு நூலும் எழுதினார். அதனினும் மேலாக, 1851ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இறப்புகளைத் தொகுத்துப் பட்டியலிட்டவர் அவரே. பஞ்சத்தில் மாண்டவர்களைப் பற்றி இன்று நாம் ஓரளவேனும் பேச முடிகிறதென்றால், அதற்கு அந்தப் பட்டியல்களும் ஒரு காரணம்.

பெயர் சொல்லான கதை

காங் ஊரிலிருந்து சில கிலோமீட்டர் வடக்கே, மாஸ்க் ஏரிக்கரையில் ஒரு பழைய இல்லம் உண்டு. அது அருங்காட்சியகம் அன்று, தனியார் இல்லம். 1880இல் அங்கே வாழ்ந்தவர் கேப்டன் சார்லஸ் பாய்காட். எர்ன் பிரபு என்னும் நிலவுடைமையாளரின் முகவர். குத்தகைப் பணத்தை வசூலிப்பது அவர் பணி.

1879இல் விளைச்சல் பொய்த்தது. பஞ்சத்தைக் கண்ணால் கண்டவர்கள் இன்னும் உயிரோடு இருந்தார்கள். மீண்டும் அதே நிலை வருமோ என்ற அச்சம் எங்கும் பரவியது. அவ்வாண்டிலேயே நிலச் சங்கம் தோன்றியது. மறு ஆண்டு குத்தகையாளர்கள் 25 விழுக்காடு குறைக்கும்படி கேட்டனர். பிரபு 10 விழுக்காட்டுக்குமேல் இசையவில்லை. செப்டம்பர் மாதம் வெளியேற்ற ஆணைகள் புறப்பட்டன. ஆணை கொண்டு வந்தவரை ஊர்ப் பெண்கள் கல்லும் மண்ணும் எறிந்து விரட்டினர்.

அதன்பின் ஊரார் வேறொரு வழியைக் கையாண்டனர். அதற்குச் சில நாள்களுக்கு முன்புதான், அரசியல் தலைவர் பார்னெல் என்னிஸ் நகரில் பேசியபோது, பிறர் நிலத்தைப் பறிப்பவரை அடிக்காமல் தனித்து விட்டுவிடுங்கள் என்று அறிவுறுத்தியிருந்தார். அவ்வாறே நடந்தது. பாய்காட்டின் பணியாளர்கள் வேலையை விட்டு விலகினர். கடைக்காரர் பொருள் விற்கவில்லை. கொல்லர் குதிரைக்கு இலாடம் அடிக்கவில்லை. கடிதம் கொண்டுவரவும் ஆளில்லை. வயலில் பயிர் முற்றி நின்றது. அறுவடை செய்ய ஒருவரும் வரவில்லை.

நவம்பரில் வட பகுதியிலிருந்து 50 தன்னார்வலர்கள் அறுவடைக்கு வந்தனர். அவர்களுக்குக் காவலாக ஏறக்குறைய ஆயிரம் படைவீரரும் காவலரும் வந்தனர். சில நூறு பவுண்டு மதிப்புள்ள விளைச்சலைக் காக்க ஏறத்தாழ 10,000 பவுண்டு செலவாயிற்று என்று கணக்கிட்டனர். அறுவடை முடிந்த சில நாள்களிலேயே பாய்காட் குடும்பத்தோடு வெளியேறினார்.

அவ்வட்டாரத்துப் பங்குக் குருவான ஜான் ஓ'மாலியும் அமெரிக்கச் செய்தியாளர் ஜேம்ஸ் ரெட்பாத்தும் இச்செயலுக்குப் பெயர் தேடினர். ஒதுக்கிவைத்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் உழவர்களின் வாயில் நுழையாது. ஆகவே 'பாய்காட்' என்றே சொல்லலாமே என்றார் குரு என ரெட்பாத் பதிவு செய்துள்ளார். அவ்வாண்டு முடிவதற்குள் அச்சொல் செய்தித்தாள்களில் பரவியது. 1881இல் குத்தகையாளரின் உரிமைகளைக் காக்கும் நிலச் சட்டமும் வந்தது.

1848இல் பெற்றோர்கள் பசியோடு, பயன்படாத ஒரு கால்வாயை வெட்டினர். 32 ஆண்டுகளுக்குப் பின் அவர்கள் பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றனர். இரண்டு இடங்களையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

கோட்டை, திரைப்படம், தீவு

ஊரின் ஓரத்தில் ஆஷ்ஃபோர்டு கோட்டை கம்பீரமாக நிற்கிறது. 1228இல் டி பர்கோ குடும்பத்தினர் எழுப்பியது. 1852இல், பஞ்சத்தின் வடு ஆறுமுன்னரே, கின்னஸ் மதுபான ஆலைக் குடும்பத்தினர் அதை வாங்கி விரிவாக்கினர். 1939 முதல் தங்கும் விடுதியாக உள்ளது. 1951இல் இயக்குநர் ஜான் ஃபோர்டு 'அமைதியான மனிதர்' எனப் பொருள்படும் பெயர் கொண்ட திரைப்படத்தை இவ்வூரில் படமாக்கினார். ஜான் வெயினும் மௌரீன் ஓ'ஹாராவும் நடித்தனர். சிறந்த இயக்கத்திற்கான ஆஸ்கார் விருதும் கிடைத்தது. அமெரிக்காவிலிருந்து தாயகம் திரும்பும் ஒருவனின் கதை அது. பயணிகள் பலர் இன்றும் அப்படத்திற்காகவே காங் வருகிறார்கள். இலட்சக்கணக்கானோர் கப்பலேறிப் போன மண்ணில் அக்கதை ஏன் இத்தனை பேரைத் தொட்டது என்பது இப்போது உங்களுக்கு விளங்கும்.

நேரம் இருந்தால் படகேறி, கோரிப் ஏரியில் உள்ள இஞ்சகோயில் தீவுக்குச் செல்லலாம். அங்கே சிறு கல்லொன்றில் ஒருவரின் பெயரும் அவர் யாருடைய மகன் என்பதும் பொறிக்கப்பட்டுள்ளன. இலத்தீன் எழுத்துகளில் ஐரிய மொழியை எழுதிய மிகத் தொன்மையான சான்றுகளுள் ஒன்று அது. மொழி ஆசிரியர்கள் அதன் முன் சற்று நேரம் நிற்பார்கள் என்பதில் ஐயமில்லை.

மீண்டும் வகுப்பறைக்கு

இக்கதையை என் மாணவர்களுக்குச் சொன்னேன். முடிந்ததும் ஒரு கேள்வி கேட்டேன்: "அந்த ஊரில் யார் பலம் மிக்கவர்? யார் பலம் குறைந்தவர்?" பாய்காட்டுக்குப் பின்னால் பிரபுவும் சட்டமும் ஆயிரம் படைவீரரும் இருந்தார்கள், உழவர்களிடம் ஒற்றுமை ஒன்றே இருந்தது என்று அவர்களே சொன்னார்கள். "நம் வகுப்பில்?" என்று கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை.

வலியவரின் அநீதியை எதிர்க்க எளியவர் பலர் கூடி விலகி நிற்பது ஒன்று. தனியாக நிற்கும் ஒரு குழந்தையைப் பலர் கூடி ஒதுக்குவது வேறொன்று. இரண்டிற்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்துகிறோம் என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடா. சொல்லின் வரலாறு தெரிந்தால்தான் அந்த வேறுபாடு புலப்படும்.

அன்று ஓய்வு நேரத்தில் அந்த மாணவி அவனருகே போய், தன் உணவு டப்பாவைத் திறந்து வைத்தாள். வேறொன்றும் பேசவில்லை. அவனும் எடுத்துக்கொண்டான்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை வீட்டிற்கு வந்து, "இன்னாரோடு நாங்கள் பேசுவதில்லை" என்று சொன்னால், உடனே கடிந்துகொள்ளாதீர்கள். இந்தச் சிற்றூரின் கதையைச் சொல்லுங்கள். பிறகு அந்தக் கேள்வியைக் கேளுங்கள்.