ஐந்து சுப்பிரமணியர்கள்

நூறாண்டுகளுக்கு முந்தைய தமிழ்நாட்டு அரசியலைப் படிக்கப் புகுந்தால் ஒரே பெயர் திரும்பத் திரும்பக் குறுக்கிடும்: சுப்பிரமணியம். முருகன் பெயர் என்பதால் தெருவுக்கு நாலு பேருக்கு அது இருந்ததில் வியப்பில்லை. ஆனால் விடுதலைப் போராட்டத்தின் முன்வரிசையிலேயே ஐந்து பேருக்கு அந்தப் பெயர். முதலெழுத்தையும் பட்டத்தையும் கவனிக்காமல் படித்தால் ஒருவர் செய்ததை இன்னொருவர் கணக்கில் எழுதிவிடுவோம்.

மூத்தவர் மதுரைக்காரர், சர் எஸ்.சுப்பிரமணிய ஐயர். ஊர் அவரை மணி ஐயர் என்றது. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி. 1917இல் அன்னி பெசன்ட் காவலில் வைக்கப்பட்டபோது, அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சனுக்கே கடிதம் எழுதி இந்தியாவின் நிலையை முறையிட்டார். அதைப் பிரிட்டிஷ் அமைச்சர் கண்டித்ததும், சர் பட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அடுத்தவர் திருவையாற்றில் 1855இல் பிறந்த ஜி.சுப்பிரமணிய ஐயர். ஐவரில் நாம் அதிகம் கடன்பட்டிருப்பது இவருக்குத்தான் என்பேன். 1878இல் நண்பர்கள் ஐந்து பேருடன் சேர்ந்து, ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, எண்பது பிரதிகள் அச்சிட்டு 'தி இந்து'வைத் தொடங்கினார். நாலு வருஷத்தில் தமிழில் 'சுதேசமித்திரன்' பிறந்தது. அரசியலைச் சாமானியனின் மொழியில் பேச வேண்டும் என்ற பிடிவாதம் அதில் இருந்தது. எழுதியதோடு நிற்கவும் இல்லை. சிறு வயதிலேயே கைம்பெண்ணான தம் மகளுக்கு 1889இல் பம்பாயில் மறுமணம் செய்துவைத்தார். சாதியார் ஒதுக்கினார்கள். அவர் பின்வாங்கவில்லை.

1904இல் மதுரை சேதுபதி பள்ளியில் தற்காலிகத் தமிழாசிரியராக இருந்த எட்டயபுரத்து இளைஞர் ஒருவரை அவர் சுதேசமித்திரனுக்கு அழைத்துக்கொண்டார். வீட்டில் சுப்பையா, ஏட்டில் சி.சுப்பிரமணிய பாரதி. ஆங்கிலச் செய்திகளையும் சொற்பொழிவுகளையும் தமிழாக்குவது அன்றாட வேலை. மாநாடு, வரி, தேர்தல் என்று கவிதைக்கு வெளியே இருந்த உலகத்தைத் தமிழில் சொல்லிப் பழகிய மேசை அது. பாரதியின் உரைநடையைப் படிக்கிறவர்கள் அந்த மேசையை மறக்கக் கூடாது.

வத்தலகுண்டில் 1884இல் பிறந்த சுப்பிரமணிய சிவா எழுத்தைவிட மேடையை நம்பியவர். 1908இல் வ.உ.சி.யோடு கைதாகி, பத்தாண்டுத் தண்டனை பெற்று, மேல்முறையீட்டில் அது குறைந்து 1912இல் வெளியே வந்தபோது உடலில் தொழுநோய் இருந்தது. ஆனாலும் 'ஞானபானு' என்ற இதழைத் தொடங்கினார். புதுச்சேரியில் இருந்த பாரதியின் 'சின்னச் சங்கரன் கதை' அதில்தான் வந்தது. பின்னாளில் இரயிலில் ஏறத் தடை வந்தபோது ஊர் ஊராக நடந்தே போய்ப் பேசினார்.

ஐந்தாமவர் திருச்சி வரகனேரிக்காரர், வ.வே.சு. ஐயர். அந்த 'சு.' சுப்பிரமணியம்தான். லண்டனில் சட்டம் படித்து முடித்தும் அரசருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்ததால் பாரிஸ்டர் பட்டத்தை இழந்தார். 1910இல் மாறுவேடத்தில் புதுச்சேரி வந்து சேர்ந்து, அங்கே பாரதியோடு ஏறக்குறைய எட்டாண்டுகள் வாழ்ந்தார். 'குளத்தங்கரை அரசமரம்' எழுதியதும் திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்ததும் இவர்தான். அவர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் சாதி பார்த்துச் சாப்பாடு போட்ட விவகாரத்தில் அவர் பெயர் மங்கியதையும் மறைக்க வேண்டியதில்லை.

1925 ஜூனில் பாபநாசம் அருவியில் வழுக்கி விழுந்த மகளைக் காப்பாற்றக் குதித்து வ.வே.சு. ஐயரும் மாண்டார். அடுத்த மாதம் பாப்பாரப்பட்டியில் சிவா மறைந்தார். பாரதி 1921இலும், ஜி.சுப்பிரமணிய ஐயர் அதற்கும் ஐந்தாண்டு முன்பும், மணி ஐயர் 1924இலும் போய்விட்டார்கள். இன்று பெயரைச் சொன்னால் பாரதி மட்டும் நினைவுக்கு வருகிறார். பழைய ஏடுகளில் இந்தப் பெயரைக் காணும் வாசகர் முன்னால் இருக்கும் எழுத்தையும் ஒரு முறை பார்த்துப் படிக்க வேண்டும்.