கி. பி. 6-ஆம் ஆண்டும் நமது குதிரைமலையும்

வரலாறு என்பது அநுராதபுரத்திலும் மதுரையிலும் உரோமாபுரியிலுமே நிகழ்ந்தது என்று நம்மிற் பலர் எண்ணுகின்றோம். நமது கடற்கரைக்கும் அதில் ஓர் இடமுண்டு. அதனை அறிய ஓர் ஆண்டை மட்டும் எடுத்து நோக்குவோம்.

கி. பி. 6-ஆம் ஆண்டில் உரோமாபுரியை அகஸ்தஸ் சீசர் ஆண்டுகொண்டிருந்தான். நகரிலே பஞ்சம் நிலவியது. தீயணைக்கவும் இராக்காவல் புரியவும் அவன் ஒரு படையை அமைத்தான். ஓய்வுபெறும் போர்வீரருக்கெனத் தனித் திறைசேரி நிறுவினான். யூதேயா உரோமரின் நேராட்சிக்குள் வந்தது. பன்னோனியாவில் பெருங்கலகம் மூண்டது. சீனத்திலோ வாங் மாங் என்பான், கைக்குழந்தை ஒருவனை அரசுரிமைக்கு முன்னிறுத்தித் தானே ஆட்சி நடத்தினான்.

இப்பெருஞ் செய்திகளோடு ஒரு சிறு செய்தியும் உண்டு. எகிப்தில், நைல் நதியிலிருந்து பெரெனிகே என்னும் செங்கடல் துறைக்குச் செல்லும் பாலைவழியில், அவ்வாண்டு யூலை மாதத் தொடக்கத்தில், லைசாஸ் என்பவன் ஒரு பாறையிலே தன் பெயரைக் கிரேக்கத்திலும் இலத்தீனிலும் பொறித்தான். அன்னியஸ் புளோகாமஸ் என்பவனின் ஆள் தான் என்றும் குறித்தான். இக்கல்வெட்டை டேவிட் மெரெடித் 1953-இல் வெளியிட்டார்.

அத்தலைவனின் பெயரைப் பிளினி என்னும் உரோம ஆசிரியரும் கூறுகின்றார். செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த புளோகாமஸின் விடுதலை பெற்ற அடிமை ஒருவன், அரேபியாவைச் சுற்றிச் செல்கையில் வடகாற்றிலே அகப்பட்டு, பதினைந்தாம் நாள் தப்ரபேனின் ஹிப்புரோஸ் துறையை அடைந்தானாம். தப்ரபேன் என்பது நம் இலங்கை. கிரேக்கத்தில் ‘ஹிப்போஸ்’ என்றால் குதிரை. ஆதலின் அத்துறை, புத்தளத்துக்கு வடக்கே செம்மண் குன்றாய் நிற்கும் நமது குதிரைமலையே என்பது எமர்சன் தெனன்ற் முதலானோர் கருத்து. அங்கே வந்தவன் லைசாஸ்தானோ, வேறொருவனோ, துணிந்து கூறுதற்கில்லை. எனினும் அவன் தலைவனின் காலத்தைக் காட்டும் சான்று அக்கல்வெட்டேயாம். குதிரைமலைக்குத் தெற்கே பொன்பரிப்பிற் கிடைத்த ஈமத்தாழிகள் ஆதிச்சநல்லூர்த் தாழிகளை ஒத்தவை. கிறிஸ்துவுக்கு முன்னரே இக்கரையில் மக்கள் வாழ்ந்தமைக்கு அவை சாட்சி.

வந்தவனை நம் நாட்டரசன் அன்புடன் பேணினான். ஆறு மாதத்தில் அவன் இந்நாட்டு மொழியைக் கற்றான். அவனிடமிருந்த வெள்ளிக்காசுகளை அரசன் நோக்கினான். முகங்கள் வெவ்வேறு, நிறையோ ஒன்றே. அரசர் பலர் மாறியும் எடை மாறாத அந்நேர்மையை வியந்து, இராக்கியாஸ் தலைமையில் நால்வரைத் தூதனுப்பினான். கிளாடியஸ் சீசர் (கி. பி. 41–54) காலத்தில் அவர்கள் உரோமாபுரியை அடைந்தனர். அங்கே தம் நிழல் வடக்கு நோக்கி விழுவது கண்டு வியந்தனராம். நம் ஊரில் ஆண்டின் நடுமாதங்களில் நண்பகல் நிழல் தெற்கே விழுவதை யாரும் முற்றத்தில் நின்றே காணலாம்.

தமிழிலே காசுக்கும் நேர்மைக்கும் ‘நாணயம்’ என்ற ஒரே சொல் வழங்குகின்றது. அவ்வரசன் ஓர் அந்நிய நாட்டை அதன் படைவலியால் மதித்தானல்லன், நாணயத்தாலேயே மதித்தான். இளைஞர்காள், நம் சங்கத்தையும் ஊரையும் பிறர் மதிப்பதும் அவ்வாறே. வில்பத்துக் காட்டினுள் கிடக்கும் குதிரைமலையையும் பொன்பரிப்பையும் காணச் செல்வோர், அங்குள்ள ஓட்டுத்துண்டு ஒன்றையேனும் எடுத்து வாராதிருப்பாராக. நமது பழமைக்கு அவையே சான்று. அவற்றைக் காத்துப் பின்வருவோர்க்கு அளிப்பது நம் கடன்.