கல்லான வீரரும் கடவுளான கல்லும்

தமிழகத்தின் தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களின் ஊர்ப்புறங்களிலே வேடியப்பன் என்றொரு தெய்வம் உண்டு. கோபுரமும் ஆகமக் கருவறையும் இத்தெய்வத்துக்குப் பெரும்பாலும் இல்லை. வயலோரத்திலோ மரத்தடியிலோ பலகைக்கல் ஒன்று நிற்கும். வில்லோ வாளோ ஏந்திய ஒருவனின் உருவம் அதிலே செதுக்கப்பட்டிருக்கும். மக்கள் அதற்கு எண்ணெய் பூசி, மஞ்சளும் குங்குமமும் இட்டு, பொங்கல் படைத்துக் கும்பிடுவர். அதே கல்லைத் தொல்லியலாளர் நடுகல் என்பர்.

போரிலும் ஆநிரை காக்கும் பூசலிலும் மாண்டவனுக்குக் கல் எடுக்கும் வழக்கம் தமிழரிடையே மிகப் பழையது. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என அதன் ஆறு படிகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. சங்கப் பாடல்களோ, நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டிக் கள் படைத்ததைப் பேசுகின்றன. 2006ஆம் ஆண்டில் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையிலே தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்கள் கிடைத்தமை, இவ்வழக்கம் வெறும் புலவர் கற்பனையன்று என்பதற்குக் கல்லே சொன்ன சாட்சியாயிற்று. அவற்றுள் ஒன்று, கூடலூர் ஆகோளில் பட்ட தீயன் அந்தவன் என்பவனுடையது.

இந்தக் கற்கள் மன்னரை மட்டும் பேசுவனவல்ல. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் உள்ள நடுகல், முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆவது ஆட்சியாண்டைச் சேர்ந்தது. தன் எருமைகளுக்காக உயிர் கொடுத்த கருந்தேவகத்தி என்பவனை அது நினைவுகூர்கிறது. அவனருகே ஒரு நாயும் நிற்கிறது. கோவிவன் என்ற அந்த நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்று கல்வெட்டுச் சொல்கிறது. பல்லவப் பேரரசனின் பெயர் அங்கே ஆண்டுக் கணக்குக்கு மட்டுமே வருகிறது. கல்லின் நாயகர்கள் எருமை காத்தவனும் அவனுடைய நாயுமே.

செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் நூலாக வெளியிட்டது. இத்தனை கற்கள் எஞ்சியமைக்கு மக்களின் பக்தியும் ஒரு காரணம். சாமிக்கல்லைப் பெயர்த்துத் துவைகல்லாக்கவோ வரப்பிலே பதிக்கவோ எவரும் துணியார். ஆயினும் அதே பக்தி கல்லுக்குக் கேடாவதும் உண்டு. ஆண்டுதோறும் பூசும் எண்ணெயும் சுண்ணாம்பும் எழுத்தை மறைக்கின்றன. வண்ணப்பூச்சு உருவின் நுட்பத்தை மூடுகிறது.

அப்படியாயின், கற்களை அருங்காட்சியகத்துக்கு எடுத்துச் செல்வதுதான் வழியா? எடுத்துச் சென்றால் எழுத்து பிழைக்கும். ஆனால் பொங்கலிட ஆளிராது. அவன் எந்த மண்ணைக் காத்து வீழ்ந்தானோ அந்த மண்ணோடு கல்லுக்கிருந்த உறவும் அறும். யாருமற்ற காட்டில் கேட்பாரற்றுக் கிடக்கும் கல்லைக் காப்பிடத்துக்குக் கொண்டு செல்லலாம். வழிபாட்டிலுள்ள கல்லையோ மைப்படி எடுத்து, படம் பிடித்து, அதிலே எழுதியிருப்பதை ஊராருக்கு வாசித்துக் காட்டிவிட்டு, நின்ற இடத்திலேயே விடுவதுதான் முறை. வேடியப்பனுக்கு ஒரு பெயரும் ஊரும் உண்டென்று அறிந்த பின், அந்த எழுத்தின்மீது சுண்ணாம்பு பூச ஊராருக்கே மனம் வராது.