பெயருக்கு முன்னால் மலை

நியூசிலாந்தின் தலைநகரான வெலிங்டனில், தெ பாப்பா அருங்காட்சியகத்தில், உடைந்த வெண்கல மணி ஒன்று இருக்கிறது. அது முகைதீன் பக்சு என்பவருடைய கப்பலின் மணி என்று அதன் மேல் பழைய தமிழ் எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி வடக்குத் தீவில் இதைக் கண்டபோது, அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரிப் பெண்கள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். புயலில் சாய்ந்த பெருமரத்தின் வேரடியில் கிடைத்தது என்றார்கள். அவர் ஓர் இரும்புப் பானையைக் கொடுத்து மணியை வாங்கிக்கொண்டார்.

இந்த மணியை வைத்து நம் மேடைகளில் எத்தனையோ முழக்கங்கள் எழுந்துவிட்டன. மணி அங்கே போன வழிக்கு உறுதியான சான்று இல்லை. வகுப்பறையில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்த மணியில் கிழங்கு அவித்த பெண்கள் யார்?

அதற்கு விடை சொல்லும் முறையை மாவோரிகளே வைத்திருக்கிறார்கள். ஒரு மாவோரி சபையில் எழுந்து தன்னை அறிமுகம் செய்யும்போது முதலில் தன் மலையைச் சொல்வார்; பிறகு ஆற்றை, முன்னோர் கடல் கடந்து வந்த படகை, குலத்தை. தன் பெயர் பெரும்பாலும் கடைசியில்தான் வரும். இதற்குப் பெப்பெஹா என்று பெயர். கிவிப் பறவை, ஆட்டு மந்தை, ரக்பி ஆட்டத்துக்கு முந்தைய ஹாக்கா நடனம் என்று தொடங்கும் பாடத்தைவிட, இந்த வரிசையில் தொடங்கும் பாடம் அந்த மக்களை நெருங்கும். ஏறத்தாழ 13ஆம் நூற்றாண்டில் கிழக்குப் பாலினீசியாவிலிருந்து, விண்மீன்களையும் கடல் அலைகளையும் பார்த்துப் படகோட்டி வந்தவர்கள் அவர்கள். படகின் பெயர் இன்றும் குலத்தின் முகவரியாக இருப்பதில் வியப்பில்லை.

அடுத்து, அவர்களுடைய பொதுவெளியான மரயேயில் உள்ள கூடத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டலாம். அந்தக் கூடம் ஒரு முன்னோரின் உடல். முகப்பின் உச்சியில் இருப்பது தலை, இருபுறமும் சரிந்திறங்கும் பலகைகள் கைகள், மோட்டுவளை முதுகெலும்பு, கைமரங்கள் விலா எலும்புகள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறவர் அந்த மூதாதையின் மடிக்குள் போகிறார். வந்தவரும் வரவேற்பவரும் மூக்கோடு மூக்கை ஒற்றி மூச்சைப் பகிர்ந்துகொள்வார்கள், அது ஹொங்கி.

மொழிப் பாடத்தில் நம் பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு. மாவோரி மொழியில் குறிலும் நெடிலும் பொருளையே மாற்றும்: கெக்கெ என்றால் கேக், கேக்கே என்றால் அக்குள்! அரிச்சுவடியில் ங, ஙா, ஙி என்று ஒப்பித்துவிட்டு, அந்த வரிசைக்குச் சொல் கிடைக்காமல் நாம் கடந்துபோகிறோம். அங்கே பல குலங்களின் பெயரே ‘ஙாத்தி’ என்றுதான் தொடங்குகிறது.

இந்த மொழி அழிவின் விளிம்புவரை போனது. 1840 பிப்ரவரி 6 அன்று மாவோரித் தலைவர்களுக்கும் பிரிட்டிஷ் முடிக்கும் இடையே கையெழுத்தான வைத்தாங்கி உடன்படிக்கையின் ஆங்கில வடிவம் இறையாண்மையையே பிரிட்டிஷ் முடிக்குக் கொடுத்தது. மாவோரி வடிவம் ஆளுகையை மட்டும் கொடுத்து, குலத்தலைவர்களின் அதிகாரத்தை அவர்களிடமே விட்டது. நிலம் கைமாறியது. பள்ளியில் தாய்மொழி பேசிய பிள்ளைகள் அடி வாங்கினார்கள். 1972இல் மொழியைக் காக்கக் கோரி 30,000க்கும் மேற்பட்ட கையெழுத்துகளுடன் மனு ஒன்று நாடாளுமன்றம் சென்றது. 1982இல் ‘கோஹங ரெயோ’, அதாவது மொழிக்கூடு, தொடங்கியது. பெற்றோருக்கு மொழி தெரியாது, பாட்டிகளுக்குத் தெரியும். எனவே பாட்டிகளிடமே மழலைகளை விட்டார்கள். 1987இல் மாவோரி ஆட்சிமொழியானது.

நம் கார்த்திகை மீன்கூட்டம் அங்கே மத்தாரிக்கி. குளிர்காலத்தின் நடுவே விடியலுக்கு முன் அது மீண்டும் எழும்போது, மறைந்தவர்களை நினைத்துப் புத்தாண்டைத் தொடங்குகிறார்கள். 2022 முதல் அது நாடு முழுவதற்கும் அரசு விடுமுறை.

ஆசிரியர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஆண்டுவிழாவில் பிள்ளைகளின் முகத்தில் மையால் கோடு கிழித்து, நாக்கை நீட்டி ஆடவிட்டு, மாவோரிப் பண்பாடு என்று அறிவித்துவிட வேண்டாம். முகத்தில் பொறிக்கும் மொக்கோ ஒருவருடைய குலவரலாறு, ஒப்பனை அன்று. ஹாக்காவும் போருக்கு மட்டும் உரியதன்று. வரவேற்பிலும் துக்கத்திலும் ஆடுகிறார்கள்.

வேறொன்று செய்யலாம். பிள்ளைகளை வரிசையாக எழுப்பி, அவரவர் பெப்பெஹாவைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள்: என் மலை இது, என் ஆறு இது, என் முன்னோர் வந்த வழி இது, என் பெயர் இது. பலர் ஆற்றிலேயே நின்றுவிடுவார்கள். அப்போது, நியூசிலாந்து 2017இல் வங்கனுயி ஆற்றைச் சட்டப்படி ஓர் ஆளாகவே ஏற்றுக்கொண்ட செய்தியைச் சொல்லுங்கள். உலகப் படத்தை மறுநாள் விரிக்கலாம். ஊர் ஆற்றின் பெயரை அன்றைக்கே வீட்டில் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள்.