துணிக்குப் பின்னால் மறைந்துபோன ஆள்

தூரின் கல்லறைத் துணியைப் பற்றிக் கேள்விப்படாத ஆக்கள் குறைவு. இயேசுவின் உடலைச் சுற்றியது எண்டு பலரும் நம்புகிற அந்த லினன் துணி பற்றி எத்தனையோ புத்தகங்களும் படங்களும் வந்துவிட்டன. ஆனால் அதை முதலில் வைத்திருந்ததாகப் பதிவுள்ள குடும்பம் ஆருடையது எண்டு கேட்டால் பதில் வராது. அது ஜோஃப்ருவா த ஷார்னியின் குடும்பம். 14ஆம் நூற்றாண்டு பிரான்சின் சின்னப் பிரபு ஒருவர்.

இவரின் தாய்வழிப் பாட்டன், ஒன்பதாம் லூயி மன்னரின் வரலாற்றை எழுதிய ஜுவான்வில். பேர் பெரிது, ஆனால் ஷார்னி இளைய மகன். சொத்து கையில் வந்து விழாது. நூறாண்டுப் போரில் வாள் பிடித்துத்தான் முன்னுக்கு வந்தார்.

வீரத்துக்கு இலக்கணம் எண்டு அந்தக் காலத்து ஆக்கள் இவரைப் புகழ்ந்தார்கள். அப்படிப்பட்டவர் செய்த ஒரு வேலையைப் பாருங்கள். 1347 இல் கலே நகரத்தை ஆங்கிலேயர் பிடித்தார்கள். 1349 கடைசியில், போர்நிறுத்தம் நடைமுறையில் இருக்கும்போதே, அங்கே ஆங்கிலேயருக்காக வேலைசெய்த லொம்பார்டியக்காரன் எமெரிக்குக் காசு கொடுத்து வாசலைத் திறக்க வைக்க ஷார்னி பேரம் பேசினார். விஷயம் மூன்றாம் எட்வேர்ட் மன்னரின் காதுக்குப் போய்விட்டது. மன்னரே இரகசியமாகக் கலேக்கு வந்து காத்திருந்தார். ஷார்னி காயப்பட்டுப் பிடிபட்டு இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்டார். மீட்புப் பணம் கட்டி வெளியில் வந்தபிறகு எமெரியைத் தேடிப் பிடித்துக் கொன்றார்.

இதே ஆள்தான் 1350களின் தொடக்கத்தில் குதிரைவீரர்களின் அறம் பற்றி ஒரு நூல் எழுதினார். விளையாட்டுப் போட்டியில் வெல்வது நல்லது, உண்மையான போரில் நிற்பது அதைவிட மேல் என்பது அவரின் கணக்கு. இன்னொரு நூல் முழுக்கக் கேள்விகள்: போட்டியில், போரில் சிக்கல் வந்தால் எது நியாயம்? பதில்கள் இல்லை. கலேயில் செய்தது சரியா பிழையா எண்டு அவர் தன்னைத்தானே கேட்டாரோ, ஆருக்குத் தெரியும்! ஆனால் சொன்னதில் ஒன்றை உயிர் கொடுத்துக் காட்டினார். 1356 செப்டெம்பர் 19, புவாத்தியே போரில், பிரான்சின் புனிதக் கொடியான ஒரிஃபிளாமைக் கையில் பிடித்தபடியே செத்தார். மன்னர் சிறைப்பட்டார்.

துணி பிறகுதான் பேசுபொருளானது. ஷார்னி லிரேயில் கட்டிய தேவாலயத்தில் அது காட்சிக்கு வைக்கப்பட்டது. அது ஓவியன் ஒருவன் செய்த வேலை எண்டு 1389 இல் துருவா ஆயர் பியேர் தார்சி எழுதினார். 1453 இல் பேத்தி மார்கரெட் அதைச் சவோய் பிரபுக் குடும்பத்துக்குக் கொடுத்தார். 1988 இல் நடந்த கதிரியக்கக் கார்பன் சோதனை 1260க்கும் 1390க்கும் இடைப்பட்ட காலத்தைக் காட்டியது. அது ஷார்னி வாழ்ந்த காலத்தையும் உள்ளடக்கியது.

அவர் எழுதிய நூல்களில் துணி பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவர் பெருமையாக நினைத்தது வாளையும் கொடியையும்தான். உலகம் ஞாபகம் வைத்ததோ அவர் வாய் திறக்காத ஒன்றை. நாங்கள் எதற்காக நினைக்கப்படுவோம் எண்டு தீர்மானிக்கிறது நாங்கள் இல்லைப் போல.